அரக்கா, வினைலா என்று கேட்காமல் பஞ்சை எடுக்காதீர்கள்

பழைய இசைத்தட்டில் ஒட்டிக்கிடக்கும் பசையை நீக்க வேண்டுமா? மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்குங்கள், பஞ்சை நனையுங்கள், பசை போகும்வரை தேயுங்கள். இப்படியொரு குறிப்பு சில வாரங்களாக ஆய்வாளர் குழுக்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அனுப்பியவர்களுள் சுவடியியல் கற்பிப்போர் இருக்கிறார்கள். நாட்டார் வழக்காற்றியலில் முனைவர் பட்டம் பெற்றோர் இருக்கிறார்கள். மொழியியல் மாணவர்களும் இருக்கிறார்கள். கைகூப்பும் குறிகள் வரிசையாக விழுந்திருக்கின்றன. "எந்தத் தட்டுக்கு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி, நம் வீட்டுப் பரண்களிலும் துறை அலமாரிகளிலும் கிடக்கும் பேச்சு ஆவணங்களில் கணிசமானவற்றை ஒரே பிற்பகலில் அழித்துவிடப் போதுமானது. ஆகவே சற்றுக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். இதை அறிய வேதியியல் பட்டம் தேவையில்லை. மேசை நாற்காலிக்குப் பாலிஷ் போடும் தச்சர், அரக்குச் செதிள்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்துத்தான் பூசுகிறார். நான் குடியிருக்கும் ஆரியசாலையில் பாலிஷ் வேலை நடக்கும் கடை வாசலில் நின்றால் அந்த வாடை மூக்கில் ஏறும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளின் கல்பொடியையும் கரித்தூளையும் பிணைத்து இறுக்கி வைத்திருக்கும் பொருள் அதே அரக்குதான். பாலிஷ் போடுகிறவருக்குத் தெரிந்த இந்தச் செய்தி, படித்தவர்களாகிய நமக்கு எப்படித் தப்பிப்போனது? நாம் புழங்கும் சொல்லே அதை மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இசைத்தட்டு, ரெக்கார்டு, கிராமபோன் பிளேட்டு. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வடிவத்தைச் சொல்கிறது, பயனைச் சொல்கிறது; எதனால் ஆனது என்பதைச் சொல்வதில்லை. அண்மையில் புதிய சொல் ஒன்று புகுந்திருக்கிறது: வினைல். அது பொருளின் பெயர். ஆனால் இன்று தேநீர் விடுதிச் சுவரில் அலங்காரமாகத் தொங்கும் எதற்கும், தாத்தா வீட்டுப் பெட்டியில் கிடைத்த எதற்கும், வட்டமாகவும் கறுப்பாகவும் இருக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. 1930-களின் கிட்டப்பா தட்டைக்கூட 'வினைல்' என்று எழுதி விற்பனைக்கு வைக்கிறார்கள். சொற்பொருள் விரிவு மொழியில் இயல்பு. அதைக் குறை சொல்வது மொழியியல் படித்தவரின் வேலையாக இருக்க முடியாது. 'எண்ணெய்' எள்ளை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது, யாருக்கும் நட்டமில்லை. இங்கே மட்டும் நட்டம் உண்டு. ஏனென்றால் சொல்லைப் பின்தொடர்ந்து பஞ்சு வருகிறது. வினைலுக்கென்று மேலைநாட்டார் எழுதிய துப்புரவுக் குறிப்பை, வினைல் என்று பெயர் சூட்டப்பட்ட அரக்கின்மீது நாம் பிரயோகிக்கிறோம்.

அந்த நாடுகளில் இக்குழப்பம் ஓரளவு குறைவு. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுள்ள நெடுந்தட்டை வெளியிட்ட பிறகு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அரக்கு அங்கே சந்தையை விட்டு வெளியேறிவிட்டது. அங்கே ஒருவர் 1960-களின் தட்டு என்று சொன்னால் அது வினைல்தான் என்று ஏறக்குறைய நம்பலாம். இந்தியாவின் கதை வேறு. 1902-இல் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் குரலைப் பதிந்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகித் திரும்பி வந்தன. 1908-இல் கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அது டம்டம்முக்கு இடம்பெயர்ந்தது. அரக்குப் பூச்சி வளரும் பலாச மரமும் குசும மரமும் இருக்கும் நாடு இது. உலகத்துக்கே அரக்கு அனுப்பிய நாடு, அரக்கை விடுவதில் அவசரம் காட்டவில்லை. கையால் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் கிராமங்களில் ஓடிக்கொண்டிருந்தவரை 78 சுற்றுத் தட்டுக்குத் தேவையும் இருந்தது. 1960-களில் அரக்குத் தட்டும் வினைல் தட்டும் இங்கே ஒருங்கே அச்சாயின. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட அக்காலத்தில் இந்தியாவில் 78 சுற்று அரக்குத் தட்டுகளாக வந்தன. உலகின் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தேடித் திரிகிறார்கள். ஆண்டைப் பார்த்துப் பொருளை ஊகிக்கும் வழி நமக்கு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இந்தத் தட்டுகள் எங்கிருந்து நம் கைக்கு வருகின்றன என்பதைப் பார்ப்போம். திருவனந்தபுரம் சாலைத் தெரு, திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவான கடைவீதி. தமிழும் மலையாளமும் ஒரே தராசில் நிறுக்கப்படும் இடம். ஆ. மாதவன் இதே தெருவில் கடை நடத்தியபடியே இதன் மனிதர்களை எழுதினார். இங்கே பழைய பொருள் வாங்கி விற்கும் கடையை 'ஆக்ரிக்கடை' என்பார்கள். சென்னையில் காயலான் கடை. வீடு இடிக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், பழைய சவுண்டு சர்வீஸ் கடையை மூடும்போதும் தட்டுகள் கட்டுக்கட்டாக இக்கடைகளுக்கு வந்து சேருகின்றன. தமிழ் நாடகப் பாட்டு, மலையாளத் திரைப்பாட்டு, பக்திப் பாட்டு, நகைச்சுவை உரையாடல், 'திருவிளையாடல்' வசனம் எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். அவற்றின்மீது ஒட்டியிருப்பவையும் அவ்வாறே பலவகை. சவுண்டு சர்வீஸ்காரர் அவசரத்துக்குத் தட்டை எடுக்க வசதியாக மைதாப் பசையால் ஒட்டிய எண் சீட்டு; விரிசலைத் தாங்கிப் பிடிக்க ஒட்டிய செல்லோடேப்; விலைச் சீட்டு; நெகிழிக் கவரே வெயிலில் இளகிப் படிந்த பிசுக்கு; தட்டுச்சுழலியின் பஞ்சணை நொறுங்கி ஒட்டிய கறுப்புப் பிசின்.

"கொறச்சு பெட்ரோல் தொட்டுத் தேச்சா மதி, தம்பி" என்று கடைக்கார அண்ணன் சொல்வார். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் தட்டை விற்கிறார். எடைக்கு வாங்கியதை எண்ணிக்கைக்கு விற்கும்போது அது பளபளக்க வேண்டும். அதே அறிவுரையை அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலுமாக வாழ்கிற ஒருவர் யோசிக்காமல் திருப்பிச் சொல்லும்போதுதான் சங்கடம்.

சாலைத் தெருவில் கிடைக்காத கரைப்பான் இல்லை. ஒவ்வொன்றையும் பரிந்துரைக்க ஒருவர் இருக்கிறார். பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறைக்கு முன் பெட்ரோல் தொட்டுத் துடைத்தவர்கள் தப்பித்திருக்கலாம், ஏனென்றால் பெட்ரோலிய எண்ணெய்களில் அரக்கு கரையாது. ஆனால் இன்று பங்கில் நிரப்புவது அந்தப் பெட்ரோல் அன்று. அதில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்றால் ஸ்பிரிட். ஸ்பிரிட் என்றால் தச்சரின் பாலிஷ் டப்பா. அரசின் எரிபொருள் கொள்கை மாறியபோது இசைத்தட்டுத் துடைக்கும் பாட்டிவைத்தியமும் சேர்ந்து காலாவதியாகிவிட்டது என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. போதாக்குறைக்குச் சாயமும் சேர்மானங்களும் அதில் உண்டு. காய்ந்த பிறகும் படிவு நிற்கும்.

தின்னரைப் பற்றிப் பேசவே கூசுகிறது. பெயிண்டுக்கடைத் தின்னரில் டொலுவினும் அசிட்டோனும் எஸ்டர்களும் பலவித அளவுகளில் கலந்திருக்கும். நகப்பூச்சு நீக்கியும் அதே குடும்பம். வினைல் தட்டு என்பது வினைல் குளோரைடும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த பலபடி. இக்கரைப்பான்கள் பட்டால் அது ஊதும், இளகும், பள்ளங்களின் சுவர் உருக்குலையும். அரக்கை ஸ்பிரிட் தின்னும், வினைலைத் தின்னர் தின்னும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு மிஞ்சிக் கிடக்கும் சானிடைசரையும் சிலர் எடுக்கிறார்கள். அதில் ஆல்ககாலும் உண்டு, தோல் வறளாமலிருக்கக் கிளிசரினும் உண்டு. பசையை எடுக்கப் போய்ப் புதுப் பிசுக்கைப் பூசிவிட்டு வருகிறார்கள்.

தேங்காயெண்ணெய்க் கட்சியினர் சாதுவானவர்கள். எண்ணெய் தட்டைக் கரைக்காது, ரப்பர் வகைப் பசையை இளக்கவும் செய்யும். ஆனால் பள்ளத்துக்குள் போன எண்ணெயை யார் வெளியே எடுப்பது? அது தூசியைப் பிடித்துக் குழம்பாக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்குவது. ஆரியசாலையின் புழுக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் எண்ணெய், தட்டைக் குளிரூட்டிய காப்பக அறைக்குள் கொண்டுபோய் வைத்ததும் பள்ளத்துக்குள் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கும். யூகலிப்டஸ் தைலம் இதைவிட வலுவான கரைப்பான்; செல்லோடேப் பசைக்கு நன்றாக வேலை செய்யும் என்பதாலேயே பள்ளம் உள்ள பரப்பில் அதை நான் அனுமதிக்க மாட்டேன். உறையின் நெகிழிப் பரப்போடு அது நின்றுகொள்ளட்டும். காணொளிகளில் வரும் மரவேலைப் பசை வித்தை, அதாவது வெள்ளைப் பசையைத் தட்டு முழுதும் ஊற்றிக் காயவைத்துத் தோலாக உரிப்பது, வினைலில் சிலருக்குப் பலித்திருக்கிறது. அரக்கில் ஊற்றினால் பசை உரிந்து வராமல் போகலாம், அல்லது அரக்கையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரலாம். ஹேர் டிரையர்? வினைல் 60, 70 டிகிரியில் இளகத் தொடங்கும். பசைக்கு முன்பே தட்டு வளைந்துவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. தட்டு எது, பசை எது.

தட்டைக் கண்டுபிடிப்பது கடினமன்று. அரக்குத் தட்டு விறைப்பானது, தடித்தது. 10 அங்குலமே உள்ள அரக்குத் தட்டு 12 அங்குல வினைலைவிடப் பெரும்பாலும் கனமாக இருக்கும். விளிம்பை விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் ஓடு போலக் 'கிண்' என்னும். வினைல் மந்தமாக 'டப்' என்னும். உடைந்த முனை இருந்தால் உள்ளே சொரசொரப்பான கல் தெரியும். லேபிளில் 78 என்று இருந்து, பள்ளங்கள் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிந்தால், அரக்கு என்று கொண்டே நடவுங்கள். சந்தேகம் வந்தாலும் அரக்கு என்றே கொள்ளுங்கள். வினைலை அரக்கென்று நினைத்தால் நேரம்தான் வீணாகும். மறுதலையாக நினைத்தால் தட்டு வீணாகும். மூன்றாவது வகை ஒன்று உண்டு: அலுமினியத் தகட்டின்மீது நைட்ரோசெல்லுலோஸ் பூசி, நேரடியாக வெட்டிப் பதிந்த தட்டு. வானொலி நிலையங்களில் புழங்கியது. ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. அது உங்கள் கைக்கு வந்தால் எதையும் தொடாமல் முறையான ஒலிக்காப்பகத்துக்கு எழுதுங்கள்.

பசையில் இரு குலம். மைதாப் பசை, கோந்து முதலிய பழைய பசைகள் நீரில் இளகுபவை. செல்லோடேப், விலைச் சீட்டு ஆகியவற்றின் பசை ரப்பரும் பிசினும் சேர்ந்தது, நீருக்கு அசையாது. இந்த இரண்டாம் வகை முதுமையில் இருமுறை குணம் மாறும். முதலில் எண்ணெய் போலக் கசிந்து பரவும். பிறகு உயிர்வளி பட்டு மஞ்சளாகிக் கண்ணாடி போல இறுகும். கசியும் பருவத்தில் எடுப்பது எளிது. நம் ஊர் வெப்பத்தில் அந்தப் பருவம் விரைவில் கடந்துவிடும்.

முதலில் திரவமே வேண்டாம். இளகிய நிலையில் உள்ள பசையை விரல் நுனியில் உருட்டியே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். எஞ்சியதன்மீது ஒட்டுத்திறன் குறைந்த நாடாத் துண்டு ஒன்றை மெல்ல ஒற்றி ஒற்றித் தூக்கினால் பசை பசையோடு வந்துவிடும். விரிசல் கண்ட அரக்குத் தட்டில் இதுவும் கூடாது, மேல்தோல் பெயர்ந்துவிடும். நீரில் இளகும் பசை என்றால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணித்துண்டைச் சீட்டின் அளவுக்கே வெட்டி அதன்மேல் சில நிமிடம் வைத்து எடுங்கள். வினைலில் அவசரமில்லை. அரக்குத் தட்டை ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கலப்புப் பொருள்கள் ஈரத்தை உறிஞ்சும். காரத்தன்மை கொண்ட சலவைத்தூளும் ஆகாது, அரக்கு காரத்திலும் கரையும். ரப்பர்ப் பசைக்கு ஆல்ககாலும் நறுமணக் கரிமங்களும் கலவாத நாப்தா வேண்டும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றுவது, உலர்சலவைக்காரர் 'ஒயிட் பெட்ரோல்' என்பது. அரக்கு அதில் கரையாது. வினைல் சிறுநேரத் தொடர்பைத் தாங்கும். கடைக்குக் கடை தரம் மாறும் என்பதால், முதலில் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவிடுங்கள். வளையம் விழுந்தால் அந்தப் புட்டியைத் தட்டருகே கொண்டுவராதீர்கள். பஞ்சுக் குச்சியின் முனை ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பள்ளத்தின் போக்கிலேயே, விளிம்பிலிருந்து பசையின் நடுவை நோக்கி உருட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் பசையைப் பள்ளத்துக்குள் திணிக்கிறீர்கள். ஒரு முறை தொட்ட குச்சியை மறுமுறை தொடாதீர்கள். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கு எரிய வேண்டாம். அது தீப்பற்றும் திரவம். பாலிஸ்டைரினால் ஆன 45 சுற்றுத் தட்டுகள் அமெரிக்காவிலிருந்து வந்தவற்றுள் உண்டு. அவற்றுக்கு இந்த நாப்தாவும் பகை. கடைசியில் நிறமும் மணமும் இல்லாத மென்மையான சலவைத் திரவம் ஒரு துளி கலந்த நீரால் ஒற்றி, வெறும் நீரால் ஒற்றி, லேபிள் நனையாமல் உலர்த்துங்கள். வினைலுக்கு நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்ககாலைச் சிலர் ஒப்புகிறார்கள். குறுகிய நேரத்துக்கு அதில் பெரும் தீங்கில்லை. ஆனால் இரண்டு வகைத் தட்டும் கலந்து கிடக்கும் மேசையில் அந்தப் புட்டியே இருக்கக் கூடாது என்பேன்.

இவ்வளவு எழுதியதும் ஒரு கேள்வி வரும் என்று தெரியும், நேரிலேயே கேட்டிருக்கிறார்கள்: இது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு, ஆய்வாளருக்கு இதில் என்ன?

மொழியியலாரிடம் இந்தக் கேள்வி எழுவதே விந்தை. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்போடு இணைந்து 1913 முதல் 1929 வரை பதியப்பட்ட கிராமபோன் தட்டுகளில் 97 மொழி வகைகள், 242 பேச்சு மாதிரிகள் இருக்கின்றன. 'கெட்ட குமாரன்' உவமை மொழிக்கு மொழி அதில் ஒலிக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பேச்சு பெர்லின் ஒலிக்காப்பகத்தில் தட்டுகளாகவே இருக்கிறது. இவை காப்பகங்களுக்குள் பத்திரமாக உள்ளன. காப்பகத்துக்கு வராதவற்றைப் பற்றியே என் கவலை. செவ்வியல் இசைக்குக் காவலர்கள் உண்டு. பெரிய பாடகர்களின் தட்டுகளைத் தேடிப் பிடித்துக் காப்போர் உண்டு. நாடகத் தட்டுகளின் பேச்சுப் பகுதி, நகைச்சுவை உரையாடல், விளம்பரத் தட்டு ஆகியவற்றுக்கு யாரும் இல்லை. மக்கள் பேசிய தமிழுக்கு அருகில் வருபவை அவைதாம்.

என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் பேசிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர். 1956 நவம்பர் 1 வரை அது திருவனந்தபுரத்தின் ஆட்சிக்குட்பட்ட ஊர். தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டாரங்களில் பேச்சில் கலந்துவிட்ட ரகரமும் றகரமும் குமரி வழக்கில் இன்றும் வேறுபட்டு ஒலிப்பதைப் பலரும் குறித்திருக்கிறார்கள். அப்படியானால் அவர் பேச்சில், மேடைக்காகத் திருத்தப்பட்ட பேச்சில், றகரம் எப்படி ஒலித்தது? ஓர் ஆய்வேட்டுக்குரிய கேள்வி இது. றகரத்தை அளப்பதென்றால் நுனிநாக்கு எத்தனை முறை தொட்டு விலகியது என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு தொடுகையும் ஒரு நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. பள்ளத்தில் ஒட்டிய பசைத் துகளின்மீது ஊசி ஏறும்போது எழும் 'டிக்' ஒலியும் அந்த அளவுக்கே குறுகியது. ஒலிநிறமாலையில் அது மேலிருந்து கீழ்வரை செங்குத்தாக ஒரு கோடாக விழும். வல்லின வெடிப்பும் அப்படித்தான் விழும். பசை ஒரு போலித் தொடுகையை உண்டாக்கும், அல்லது உண்மையான ஒன்றை மூடிவிடும்.

இதில் ஒரே ஒரு ஆறுதல், பசை ஒழுங்கானது. 78 சுற்றுத் தட்டில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.77 நொடி, 33⅓ சுற்றில் 1.8 நொடி. அடுத்தடுத்த பள்ளங்களில் பரவிய பசைத் திட்டு அந்த இடைவெளியில் 'டிக்' என்று திரும்பத் திரும்பக் கேட்கும், ஆகவே அடையாளம் காணலாம். ஸ்பிரிட்டால் கரைந்த பள்ளச் சுவருக்கு அந்த ஒழுங்குகூட இல்லை. பட்ட இடமெல்லாம் மினுக்கம் போய்ச் சாம்பல் பூக்கும், பிறகு ஒரே இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் சகரமும் போகும், ழகரத்துக்கு அடையாளமான மூன்றாம் ஒலிச்செறிவின் தாழ்வும் போகும். பசையோடு கிடந்த தட்டை நாளை யாரேனும் துப்புரவாக்கலாம். துப்புரவாக்கிய தட்டை யாரும் மீட்க முடியாது.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே" என்பது அடுத்த குரல். இருக்கிறது, நானும் கேட்கிறேன். அது ஏதோ ஒரு பிரதியிலிருந்து, ஏதோ ஒரு வேகத்தில் ஓட்டி, இரைச்சல் நீக்கி, சுருக்கி ஏற்றிய ஒலி. 78 என்று அச்சிட்டிருந்தாலும் பழைய தட்டுகள் சரியாக அதே வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. வேகம் தவறினால் குரலின் சுருதியும் உயிரொலிகளின் செறிவுகளும் சேர்ந்து நகரும். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குச் சகரமும் ஓர் இரைச்சல்தான். அந்தக் கோப்பு ஒரு பதிப்பு, தட்டு சுவடி. பதிப்பு இருக்கிறதே என்று சுவடியை எரித்தவர்களை நாம் பாடத்தில் எப்படிப் பேசுகிறோம் என்பதை நினைவுபடுத்த வேண்டியதில்லை.

சுவடி என்றதும் நம் நிறுவனங்கள் நினைவுக்கு வருகின்றன. ஓலைக்கு எண்ணெய் பூசுவதற்கு நெறிமுறை உண்டு, பயிலரங்கு உண்டு, நிதி உண்டு. தட்டுக்கு? நான் பார்க்க நேர்ந்த கல்வி நிறுவன நூலகம் ஒன்றில் ஒவ்வொரு தட்டின் லேபிள்மீதும் வெள்ளை ஒட்டுச்சீட்டில் வரிசை எண் எழுதி ஒட்டியிருந்தார்கள். சீட்டு விழாமலிருக்க அதன்மேல் செல்லோடேப். சீட்டு மறைத்திருந்தது எதைத் தெரியுமா? கம்பெனி அச்சிட்ட தட்டின் எண்ணை. அதாவது பதிவின் காலத்தையும் இடத்தையும் கண்டறிய உதவும் ஒரே அச்சுச் சான்றை, அத்தட்டைப் பட்டியலிடும் பொருட்டே மூடியிருந்தார்கள். செல்லோடேப் ஓரத்தில் மஞ்சள் கசிந்து பள்ளங்களைத் தொட்டிருந்தது. சேகரிப்பாளரைப் பொழுதுபோக்குக்காரர் என்று ஏளனம் செய்யும் நாம், அவர்களுள் மிகச் சாதாரணமானவர்கூடச் செய்யத் துணியாததை அலுவலக முத்திரையோடு செய்கிறோம். வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதர்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்துக் காத்திராவிட்டால் தென்னிந்தியத் தட்டுகளின் வரலாற்றை எழுதவே நமக்கு ஆதாரம் மிஞ்சியிருக்காது. 1990 முதல் மும்பையில் இயங்கிவரும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் வேலையில் பாதியையாவது ஒரு பல்கலைக்கழகத் துறை செய்திருக்கிறதா என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

துப்புரவு ஆர்வலரிடம் எனக்கு இன்னொரு பிணக்கும் உண்டு. எல்லாச் சீட்டும் அழுக்கன்று. சில தட்டுகளின் லேபிளில் அஞ்சல்தலை அளவில் உரிமைத்தொகை வில்லை ஒட்டியிருக்கும். விற்ற கடையின் பெயர்ச்சீட்டு இருக்கும். தமிழ்த் தட்டின்மீது மலையாள எழுத்தில் ஒரு கடைச்சீட்டு ஒட்டியிருந்தால், அது இந்த நகரத்தில் யார் எதைக் கேட்டார்கள் என்பதற்கான சான்று. சவுண்டு சர்வீஸ்காரரின் எண்கூட, கல்யாண வீட்டில் எந்தப் பாட்டு எந்த வரிசையில் ஒலித்தது என்பதன் எச்சம். லேபிள்மீது ஒட்டியவற்றை அப்படியே விடுங்கள். அங்கே ஊசி போவதில்லை, யாருக்கும் இடைஞ்சலில்லை. பள்ளத்தின்மீது ஏறியவற்றை மட்டும், படம் எடுத்துக்கொண்டு, எடுங்கள். எடுத்த சீட்டை எறியாமல் காகித உறைக்குள் இட்டு, எந்தப் பக்கத்தில் எங்கே இருந்தது என்று எழுதிவையுங்கள்.

புதிய வரிசை எண் வேண்டுமானால் அதைக் காகித உறையின் மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், உறைக்குள் தட்டை நுழைக்கும் முன்பே. தங்கள் துறையில் தட்டுகள் கிடக்கும் மாணவர்கள், லேபிள் தெரியும் படம் ஒன்றும் விளிம்பின் தடிமன் தெரியும் படம் ஒன்றும் கீழே இட்டால் அரக்கா வினைலா என்று பார்த்துச் சொல்கிறேன். பதில் வரும்வரை ஸ்பிரிட் புட்டி மூடியே இருக்கட்டும்.